கைவைக்க முன்னம்

"மூக்குக்குள்ளை சதை வளருது" என்று சொல்லிக்கொண்டு இரணைமடுப் பக்கத்திலிருந்து வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையில் எதுவும் வளர்வதில்லை. ஒவ்வாமையால் வீங்கிய சதை, வளைந்த நடுச்சுவர், கனகாலப் பீனிசம், இப்படி ஏதாவது இருக்கும். ஒரு ஸ்பிறேயும் கொஞ்சம் ஆறுதலும் கொடுத்து அனுப்பிவிடலாம். மிச்சமுள்ள சிலரின் மூக்குக்குள் வெளிச்சம் அடிக்கும்போதுதான் சிவப்பாக ஒன்று எதிரே நிற்கும். இரத்தம் நிறைந்தது, பஞ்சு பட்டாலே கசிவது, புற்றுநோய் அல்லாதது. காது மூக்கு தொண்டை வைத்தியத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் அந்தச் சிலர்தான்.

"புற்றுநோய் இல்லை" என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுக்காரர் எழும்பி நின்று கும்பிடுவார்கள். எனக்கு அப்போதுதான் கவலை தொடங்கும். புற்றுநோய் இல்லாத ஒரு கட்டியும் மேசையில் படுத்திருப்பவரின் இரத்தத்தைச் சில நிமிடங்களில் வடித்துவிடும். மூக்கு சின்ன இடம்தான், ஆனால் அதற்கு இரத்தம் கொண்டுவரும் வழிகள் பல. உட்கரோட்டிட் நாடியின் கிளைகளும் வெளிக்கரோட்டிட் நாடியின் கிளைகளும் நடுச்சுவரின் முன்பகுதியில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு வழியை அடைத்தாலும் மற்றது விடாது. இரத்த வங்கியில் எத்தனை பை இருக்கிறது என்று தெரியாமல் அந்த இடத்தில் இடுக்கியை நீட்டுகிறவர் துணிச்சல்காரர் அல்ல, அவசரக்காரர்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று தண்ணீரால் வருவது. ஒன்று வயிற்றுப்பிள்ளையோடு வருவது. ஒன்று பெடியனுக்கு மீசை அரும்பும் வயதில் வருவது. முதலாவதைக் கண்டிப்பாகப் பார்த்தால் இரத்தக்குழாய்க் கட்டி என்று சொல்லக்கூடாது, அது ஒரு தொற்று. ஆனால் வன்னியில் மற்ற இரண்டையும் அதிலிருந்து பிரித்தறியாமல் வைத்தியம் தொடங்க முடியாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இரணைமடுக் குளத்தைப் பற்றி வெளியூர்க்காரருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கனகராயன் ஆற்றை மறித்து 1902 இல் தொடங்கி 1920களில் முடித்த குளம். வடமாகாணத்தில் இதைவிடப் பெரிய குளம் இல்லை. அண்மைய புனரமைப்புக்குப் பிறகு 36 அடி வரை தண்ணீர் நிற்கும், அது ஏறத்தாழ 148 மில்லியன் கனமீற்றர். சாந்தபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை என்று எந்த ஊரில் கேட்டாலும் இன்றைக்குக் குளம் எத்தனை அடி என்று சொல்வார்கள். வயலுக்குப் போகிற அதே தண்ணீரில்தான் ஆட்கள் குளிப்பதும், உடுப்புத் தோய்ப்பதும், மாடு குளிப்பாட்டுவதும். வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் நேரே அங்கேதான் ஓடும்.

ஆகவே என்னுடைய முதல் கேள்வி மூக்கைப் பற்றியதே அல்ல. "எங்கை குளிக்கிறனீங்கள்?"

ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற இந்த நோய்க்கு இலங்கையும் தென்னிந்தியாவும்தான் தாய்வீடு என்று பாடநூல்கள் எழுதுகின்றன. ஆனால் முதலில் விவரமாக எழுதியவர் புவெனஸ் ஐரிஸில் இருந்த கில்லெர்மோ சீபர் என்ற மருத்துவ மாணவர், 1900 இல், தன் ஆய்வேட்டில். மூன்று வருடம் கழித்துக் கல்கத்தாவில் ஓக்கினீலி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 1923 இல் எடின்பரோவில் ஆஷ்வர்த் அந்த உயிரியின் வாழ்க்கை வட்டத்தை வரைந்து, அது பூஞ்சணம் என்று முடிவு செய்தார். அந்த முடிவு முக்கால் நூற்றாண்டு நின்றது. 1990களின் கடைசியில் மரபணுவைப் படித்தவர்கள்தான் அது பூஞ்சணம் அல்ல, மீன்களையும் வேறு நீர்வாழ் உயிர்களையும் பிடிக்கும் ஒருவகை ஒட்டுண்ணிகளுக்கு உறவு என்று காட்டினார்கள். எங்கள் நாட்டவர் இதில் பின்னிற்கவில்லை. கருணாரத்ன மனிதரில் வரும் இந்த நோயைப் பற்றித் தனி நூலே எழுதி 1964 இல் இலண்டனில் வெளியிட்டார். பேராதனையில் அர்செக்குலரத்ன இதன் பின்னாலேயே பல வருடம் அலைந்தார். இவ்வளவு பேர் முயன்றும் இந்த உயிரியைச் சாதாரண ஆய்வுகூடத் தட்டில் வளர்க்க முடியவில்லை. வளர்க்க முடியாத ஒன்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது லேசான காரியமல்ல.

வெளிச்சம் அடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஆங்கிலப் புத்தகங்கள் ஸ்ட்ரோபெரிப் பழத்தைச் சொல்லும். வன்னியில் படிக்கும் மருத்துவப் பிள்ளைக்கு நான் சிவப்புக் கொய்யாவை வெட்டிக் காட்டச் சொல்வேன். சிவந்த சதையில் வெளிறிய விதை சிந்திக் கிடப்பது மாதிரி, கட்டியின் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் முதிர்ந்த ஒரு வித்துப்பை. முதிர்ந்தது அரை மில்லிமீற்றரை நெருங்கும், அதனால்தான் நுணுக்குக்காட்டி இல்லாமலே கண்ணுக்குப் படுகிறது. உள்ளே ஆயிரக்கணக்கில் வித்திகள். பை வெடித்தால் அவ்வளவும் மூக்குக்குள் கொட்டும். கட்டி பெரும்பாலும் ஒரு காம்பில் தொங்கும். மூச்சு விட்டால் ஆடும். அது ஆடுகிறது என்பதே எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஏன் என்பதைப் பெடியனின் கதையில் சொல்கிறேன்.

ஒருவர் வந்தார். வயலும் உண்டு, குளத்தில் வலையும் உண்டு, தண்ணீர் வற்றும் காலத்தில் ஆற்றில் மணல் அள்ளவும் போவார். புள்ளிகள் தெளிவாகத் தெரிந்தன. குளத்துத் தண்ணீரால் வந்திருக்கும் என்று சொன்னேன். ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"டொக்டர், நான் பிறந்ததிலயிருந்து இந்தக் குளத்திலதான் முழுகிறன். என்ர அப்பரும் இதிலதான் முழுகினவர். எழுபத்தெட்டு வயசு மட்டும் இருந்தவர். அவற்ர மூக்கில ஒண்டும் வரேல்லையே?"

நியாயமான கேள்வி. ஒரே தண்ணீரில் முழுகுகிற ஆயிரம் பேரில் ஏன் ஒரு சிலருக்கு மட்டும் வருகிறது என்பதற்கு விஞ்ஞானம் இன்னும் சரியான பதில் வைத்திருக்கவில்லை. மூக்கின் உட்தோலில் சின்னச் சிராய்ப்பு இருந்தால் வித்தி உள்ளே புகும் என்பது பொதுவான கணிப்பு. 1930களில் பம்பாய் மாகாணத்தில் மண்ட்லிக் என்ற வைத்தியர் கவனித்த ஒன்று எனக்குப் பிடிக்கும். ஆற்று மணல் எடுப்பவர்களில், தண்ணீருக்குள் மூழ்கி மணலை அள்ளியவர்களுக்கே நோய் வந்தது, கரையில் நின்று வேலை செய்தவர்கள் தப்பினார்கள். மணல் மூக்கைச் சிராய்க்கும், தண்ணீர் வித்தியைக் கொண்டுவரும். இன்னும் தூரத்தில், 1990களின் தொடக்கத்தில் சேர்பியாவில் ஓர் ஏரியில் குளித்த 17 பேருக்கு இதே நோய் வந்தது. குளிர் நாட்டில், எங்கள் குளம் எதையும் கண்டிராத ஆட்களுக்கு. இதையெல்லாம் அவருக்கு எளிமையாகச் சொல்லி, "உங்கட அப்பர் மணல் அள்ளப் போனவரோ?" என்று கேட்டேன். "இல்லை, அந்தாள் வரம்பால இறங்காது" என்றார்.

இப்படிச் சொன்னதற்காக அவருக்கு மணலால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் குளத்தில் குளிக்காதே என்று இரணைமடுவில் ஒருவனுக்குச் சொல்லும் வைத்தியரின் புத்திமதி கிளினிக் வாசலைத் தாண்டாது. அடிமணலைக் கலக்கி முழுகாதே, மூக்கைப் பொத்திக்கொண்டு முழுகு, மாடு படுத்த தேங்கின தண்ணியில் குளிக்காதே என்றால் பாதியாவது கேட்பார்கள். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டில் அவருக்குத் தனிக் கோப்பை வைத்துவிடுவார்கள்.

வைத்தியம் என்பது வெட்டி எடுத்து, காம்பு ஒட்டியிருந்த இடத்தைச் சூட்டால் கருக்குவது. கேட்க எளிது. முழு மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாய் வைத்து, தொண்டையில் துணி அடைத்த பிறகுதான் தொடங்குவோம். கட்டியைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் இரத்தமும் வரும், வித்திகளும் பக்கத்துச் சதையில் சிந்தும். அங்கிருந்துதான் பிறகு திரும்ப முளைக்கும் என்று கருதுகிறோம். ஆகவே எண்டோஸ்கோப்பால் காம்பை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது கீழ்ச் சங்கெலும்பிலோ, நடுச்சுவரிலோ, மூக்கின் தரையிலோ இருக்கலாம். சிலருக்கு ஒன்றல்ல, நாலைந்து காம்புகள். ஒன்றைத் தவறவிட்டால் அந்த ஆள் திரும்ப வருவார். எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சிலர் திரும்பத்தான் வருகிறார்கள். டப்சோன் என்ற தொழுநோய் மருந்தைச் சில மாதம் கொடுத்தால் திரும்ப வருவது குறையும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் கொடுப்பதுண்டு, ஆனால் அதன் மேல் பெரிய நம்பிக்கை வைத்து அல்ல. கொடுக்க முன்னம் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று இரத்தம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

இந்த இடத்தில் அட்டையையும் சொல்லிவிட வேண்டும். குளத்திலோ வாய்க்காலிலோ தண்ணீர் குடித்த பிள்ளையின் மூக்குக்குள் அட்டை ஏறி இருந்துகொள்ளும். கிழமைக்கணக்கில் இரத்தம் ஒழுகும். வெளிச்சம் அடித்தால் கருஞ்சிவப்பாக ஒன்று தெரியும், பிறகு காணாமல் போகும், மறுபடி வரும். கட்டி ஒருநாளும் ஒளித்து விளையாடாது. இடுக்கியால் பிடிக்கும்போது அது வழுக்கிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்த பெற்றோர் பிள்ளையைவிடப் பலமாகக் கத்துவார்கள். வெளியே வந்த பிறகு வைத்தியத்தில் இதைவிடத் திருப்தியான வேலை இல்லை.

இரண்டாவது காரணத்துக்கு வருவோம். பிள்ளைத்தாச்சிப் பெண்கள். ஆறாம் ஏழாம் மாதத்தில், ஒரு பக்க மூக்கால் இரத்தம் என்று கர்ப்பிணிக் கிளினிக்கிலிருந்து அனுப்புவார்கள். பார்த்தால் நடுச்சுவரின் முன்பகுதியில், நாடிகள் பின்னிக் கிடக்கிற அதே இடத்தில், சிவந்து பளபளக்கும் ஒரு சின்னக் கட்டி. வெள்ளைப் புள்ளி கிடையாது. சில கிழமைக்குள் வளர்ந்தது என்பாள். இது தந்துகிகள் கொத்துக்கொத்தாகக் கூடி வளரும் ஹீமன்ஜியோமா. 1897 இல் பிரான்சில் பொன்சேயும் டோரும் இதை எழுதியபோது கிருமியால் வருவது என்று நினைத்தார்கள். கிருமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நகத்தால் மூக்கைக் கிண்டிய காயமும், கர்ப்பகால ஹோர்மோனும் காரணமாகலாம். ஆம்பிளைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கூட வரும், ஆனால் எங்கள் கதிரையில் இருப்பது பெரும்பாலும் கர்ப்பிணிகள்தான்.

ஒரு தங்கச்சியோடு மாமியாரும் வந்திருந்தார். நான் வாய் திறக்க முன்னமே மாமியார் கேட்டார்: "பிள்ளைத்தாச்சியின்ர மூக்கில கத்தி வைக்கப் போறியளோ?"

"இப்ப வைக்கேல்லை, அம்மா" என்றேன். அந்த அம்மா நம்பவில்லை. கடைசி வரை என் மேசையில் இருந்த கருவிகளை எண்ணிக்கொண்டே இருந்தார்.

பிள்ளை பிறந்த பிறகு இந்தக் கட்டிகள் பல தானாகவே சுருங்கும். ஆகவே இரத்தம் கட்டுக்குள் இருக்கும் வரைக்கும் பொறுக்கலாம். பொறுப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும், இரும்புச்சத்து கொடுக்க வேண்டும், இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். இரத்தம் வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கும் மாமியாருக்கும் சேர்த்துப் பழக்க வேண்டும். எங்கள் ஊரில் உடனே தலையை அண்ணாத்திப் பிடிப்பார்கள், உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அண்ணாத்தினால் இரத்தம் தொண்டையால் இறங்கி வயிற்றைக் குமட்டும், வெளியே வராததால் நின்றுவிட்டது என்று நினைப்பார்கள். நிமிர்ந்து இருந்து, தலையை முன்னுக்குச் சரித்து, எலும்புக்குக் கீழே இருக்கும் மெத்தையான பகுதியை இரண்டு விரலால் 10 நிமிடம் விடாமல் பொத்திப் பிடிக்க வேண்டும். இடையில் நின்றுவிட்டதா என்று திறந்து பார்க்கக் கூடாது. அந்த மாமியாருக்கு இதைச் செய்து காட்டச் சொன்னபோது என் மூக்கைத்தான் பிடித்தார். பிடி நல்ல பிடி.

இரத்தம் அடங்கவில்லை என்றால் பிள்ளை பிறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் விறைக்கப்பண்ணி எடுத்துவிடலாம். கட்டியோடு அது உட்கார்ந்திருக்கும் உட்தோலையும், கசியிழையத்தை மூடியிருக்கும் மெல்லிய படலத்தையும் சேர்த்து எடுத்து அடியைக் கருக்க வேண்டும். மேலால் மட்டும் சீவினால் ஒரு மாதத்தில் அதே இடத்தில் நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் கருக்கினால் நடுச்சுவரில் ஓட்டை விழும். எடுத்ததைக் கட்டாயம் ஃபோர்மலினில் போட்டு நோயியல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், எவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தாலும். அந்தத் தங்கச்சிக்கு இது ஒன்றும் தேவைப்படவில்லை. பிள்ளையோடு கிளினிக்குக்கு வந்தபோது கட்டி இருந்த இடத்தில் ஒரு சிவந்த தழும்பு மட்டும் இருந்தது.

மூன்றாவதுதான் கை நடுங்க வேண்டிய இடம்.

பத்தாம் ஆண்டு படிக்கும் பெடியன். திருவையாற்றிலிருந்து தாய் கூட்டிக்கொண்டு வந்தார். குனிந்து படித்தால் இரத்தம், பந்தடித்தால் இரத்தம், நித்திரையால் எழும்பினால் தலையணையில் இரத்தம். வேறொரு இடத்தில் இரண்டு தரம் மூக்கை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். இடப்பக்க மூக்கு மாதக்கணக்காக அடைப்பு. கண்ணின் கீழ்த் தோலை இழுத்துப் பார்த்தேன், வெளிறிப்போயிருந்தது. என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"எங்கை தம்பி குளிக்கிறனீ?"

"குளத்தில, சேர். இல்லாட்டி வாய்க்காலில."

கூட நின்ற இளம் வைத்தியர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குளம், மூக்கடைப்பு, இரத்தம். கணக்குச் சரி என்று நினைத்தார். தண்ணீர்க் கேள்வி பிழைக்கிற இடமும் இதுதான். இரணைமடுவில் எல்லாரும் குளத்தில்தான் குளிக்கிறார்கள். ஆகவே குளம் எதையும் நிரூபிக்காது. அடுத்த கேள்வி வயது, அதற்கடுத்தது ஆணா பெண்ணா. 14, 15 வயதுப் பெடியன், ஒரு பக்க அடைப்பு, திரும்பத் திரும்ப இரத்தம் என்றால், வேறு எதையும் நினைக்க முன்னம் அன்ஜியோஃபைப்ரோமா என்ற இரத்தக்குழாய்க் கட்டியை நினைக்க வேண்டும். இது ஏறத்தாழ ஆண்களின் நோய். பெண் பிள்ளைக்கு என்று எழுதினால் நோயியல் நிபுணர் தொலைபேசியில் கூப்பிட்டுத் திரும்பக் கேட்பார்.

எண்டோஸ்கோப்பை மெல்ல உள்ளே விட்டேன். முன்பக்கம் ஒன்றுமில்லை. பின்னால், மூக்கும் தொண்டையும் சந்திக்கும் வாசலில், சாம்பல் கலந்த சிவப்பில் வழவழப்பான மேற்பரப்பு. வெள்ளைப் புள்ளி ஒன்றும் இல்லை. மூச்சுவிடச் சொன்னேன், ஆடவில்லை. மேற்பரப்பில் நாளங்கள் ஓடுவது தெரிந்தது. இளம் வைத்தியர் பயொப்சித் தட்டைக் கிட்டக் கொண்டுவந்து வைத்தார். "அதைத் தூரக் கொண்டுபோ" என்று சொன்னது கொஞ்சம் உரத்துவிட்டது, பெடியன் பயந்துபோனான்.

மற்ற எந்தக் கட்டியிலும் ஒரு துண்டு எடுத்துப் பார்ப்பது அறிவுடைமை. இதில் கிளினிக் கதிரையில் துண்டு எடுப்பது கொலைமுயற்சிக்குக் கிட்ட வரும். இந்தக் கட்டியின் இரத்தக்குழாய்ச் சுவர்களில் சுருங்கும் தசை ஒழுங்காக இல்லை. வெட்டினால் குழாய் தானாக மூடாது. திறந்த குழாய் திறந்தபடியே ஓடும். நோய் எது என்பதை ஸ்கான் சொல்லும். கட்டி தொடங்குவது மூக்கின் பின்பக்கச் சுவரில் ஸ்பீனோபலட்டைன் நாடி வெளிவரும் துவாரத்துக்கு அருகில். அங்கிருந்து மேல்தாடை எலும்புக்குப் பின்னால் இருக்கும் இடுக்குக்குள் தள்ளும். அந்தத் தள்ளலில் கன்னக்குழியின் பின்சுவர் முன்னுக்கு வளையும். ஹோல்மனும் மில்லரும் 1965 இல் சாதாரண எக்ஸ்ரேயிலேயே இதைக் காட்டினார்கள். பெடியனின் சி.ரி. ஸ்கானில், மருந்து ஏற்றிய பிறகு, கட்டி வெள்ளையாகப் பற்றி எரிந்தது. பின்சுவர் வில்லாக வளைந்திருந்தது. மூளைப் பக்கம் போகவில்லை.

சத்திரசிகிச்சையை எங்கே செய்வது என்பதில் எனக்குத் தயக்கமே இருக்கவில்லை. எங்கள் கிளிநொச்சியில் செய்ய ஏலாது. முதலில் தொடை இடுக்கு நாடியால் மெல்லிய குழாய் ஒன்றைக் கழுத்து வரை ஏற்றி, கட்டிக்கு இரத்தம் கொடுக்கும் மக்சிலரி நாடிக் கிளைகளை நுண்துகளால் அடைக்க வேண்டும். அடைத்து ஒன்றிரண்டு நாளுக்குள், கூடினால் மூன்று நாளுக்குள், கட்டியை எடுத்துவிட வேண்டும். பிந்தினால் பக்க நாடிகள் புதுவழி திறந்துவிடும். அந்த வசதியும், அதைச் செய்யும் கையும், இரத்த வங்கியும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். அதற்கு 300 கிலோமீற்றருக்கும் மேலே, கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது.

தாய்க்கு இதைச் சொல்வது ஸ்கான் வாசிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. தகப்பன் இல்லை. கூடப்போய் நிற்க ஆள் வேண்டும், கொழும்பில் தங்க இடம் வேண்டும், சிங்களம் தெரியாது, வயல் வெட்டு நேரம். "இஞ்சையே சின்னதா வெட்டி விடேலாதோ டொக்டர்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மசிந்து உள்ளூரில் கைவைத்துப் பாதியில் இரத்தம் நிறுத்த முடியாமல் அம்புலன்ஸில் ஏற்றிய கதைகள் எல்லா நாட்டிலும் உண்டு. நான் மசியவில்லை. ஒரு மாமன் வந்தார். ஊர்ப் பெடியங்கள் இரத்தம் கொடுக்க முன்வந்தார்கள். ஒருவன் இரத்தம் கொழும்புக்குப் போகுமோ என்று சந்தேகப்பட்டான். அங்கே போய்க் கொடுத்தால் போகும் என்றேன், இரண்டு பேர் ரயிலேறினார்கள்.

முன்பு இந்தச் சத்திரசிகிச்சைக்கு முகத்தைப் பக்கவாட்டில் வெட்டித் திறப்பார்கள். இப்போது கட்டி எல்லை கடக்காத வரைக்கும் எண்டோஸ்கோப்பால் மூக்குவழியே எடுக்கிறார்கள். அவனுக்கும் அப்படித்தான் நடந்தது. முகத்தில் கீறல் இல்லை. ஓ.எல். பரீட்சை எழுதினான். இந்தக் கட்டி திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வருடத்துக்குள் வரும், ஆகவே இடைக்கிடை ஸ்கான் வேண்டும். இருபதுகளைத் தாண்டினால் மிச்சம் மீதி தானாகச் சுருங்கும் என்று சிலர் எழுதுவார்கள். நான் அதை நம்பி ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு எடுத்த முதல் ஸ்கானில் ஒன்றும் இருக்கவில்லை. தாய் நன்றி சொல்லிவிட்டுக் கதவடியில் நின்றார்.

"டொக்டர், இனி அவனைக் குளத்துப் பக்கம் விடேலாது, என்ன?"

"குளத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அம்மா. ஆசைதீரக் குளிக்கட்டும். ஆறு மாசத்தால அடுத்த ஸ்கானுக்கு மட்டும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

பெடியன் அதற்குள் வெளியே போய்விட்டான்.